தத்துக்கு முந்தைய வீடு: கடல் கடந்து வரும் நாய்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் தெருக்களிலிருந்தும் நெரிசலான காப்பகங்களிலிருந்தும் மீட்கப்பட்டு விமானத்தில் வந்திறங்கும் நாய்களைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வெளியாகின்றன. கூண்டுக் கம்பிகளுக்குப் பின்னால் மிரண்ட முகத்தோடு ஒரு படம். சில மாதம் கழித்து, தத்தெடுத்த குடும்பத்தோடு இன்னொரு படம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு இருக்கிறது. நிரந்தரக் குடும்பம் அமையும்வரை நாயைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஃபாஸ்டர் வீடு அது. அப்படி நாய்களை ஏற்றுப் பராமரிக்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். மனமுவந்து முன்வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது "அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள்" என்பது மட்டும்தான். அன்பு நிறைந்த வீடுகளிலிருந்தும் நாய்கள் தொலைகின்றன, அன்பு நிறைந்த வீடுகளிலும் நோய் பரவுகிறது. காரணம் பெரும்பாலும் ஒரு திறந்த கதவு, ஒரு தளர்ந்த கழுத்துப்பட்டை, செய்யாமல் விட்ட ஒரு ரத்தப் பரிசோதனை.

நாய் விமானம் ஏறுவதற்கு முன்பே மீட்பு அமைப்பிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சட்டப்படி நாய் யாருடையது? மருத்துவச் செலவு யாருடையது, எவ்வளவு தொகைக்கு மேல் போனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும்? நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் தொலைபேசி எண் எது? நாய் யாரையாவது கடித்துவிட்டால் பொறுப்பு யாருக்கு? தத்துக் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் கருத்துக்கு இடம் உண்டா? உங்களால் தொடர முடியாத நிலை வந்தால் எத்தனை நாளுக்குள் மாற்று வீடு தருவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்த அமைப்பிடம் நாயை வாங்காதீர்கள். மாற்று வீடு கையில் இல்லாத அமைப்பு, சிக்கலான நாயை உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது நாயின் ஆவணங்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசியை 12 வார வயதுக்கு முன் போட முடியாது. போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே குட்டிக்குக் குறைந்தது 15 வாரம் ஆகியிருக்க வேண்டும். ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள, ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து வருவதென்றால் தடுப்பூசிக்குப் பிறகு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் அந்த நாய்க்கு ஏறத்தாழ 7 மாதம் ஆகியிருக்கும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் 6 மாதத்துக்குக் குறைந்த எந்த நாயையும் நாட்டுக்குள் விடுவதில்லை. கனடா 2022 செப்டம்பர் 28 முதல், ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து வணிக வகையில் வரும் நாய்களைத் தடுத்துவிட்டது. தத்துக்கும் ஃபாஸ்டருக்கும் வரும் நாய்களும் அந்த வகையில்தான் சேரும். சான்றிதழில் எழுதியிருக்கும் வயதை நாயின் வாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசிபோல் மெலிந்த பால் கோரைப்பற்கள் இன்னும் விழாமல் இருந்தால், பெரும்பாலும் அந்தக் குட்டிக்கு 6 மாதம் நிறைந்திருக்காது. காகிதம் 8 மாதம் என்று சொன்னால் தடுப்பூசிச் சான்றும் சந்தேகத்துக்குரியதுதான். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறோம். 2021 ஜூன் மாதம் அசர்பைஜானிலிருந்து 33 நாய்களும் ஒரு பூனையும் மீட்பு விலங்குகளாக அமெரிக்கா வந்தன. வந்த சில நாளில் பென்சில்வேனியா சென்ற நாய் ஒன்றுக்கு ரேபிஸ் உறுதியானது. அதற்குத் தடுப்பூசிச் சான்றிதழ் இருந்தது. அதற்குள் மற்ற விலங்குகள் பல மாநிலங்களுக்குப் பிரிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில், போலித் தடுப்பூசிச் சான்றுகள் பெருகியதைக் காரணம் காட்டி, ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து நாய் இறக்குமதியை அமெரிக்கா ஜூலை முதல் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு போலிச் சான்றோ வீரியமில்லாத ஊசியோ, முறையாக வரக் காத்திருக்கும் அத்தனை நாய்களின் வழியையும் அடைத்துவிடுகிறது.

நாயின் தோலுக்கடியில் பதிக்கும் மைக்ரோசிப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிப் இருந்தால் நாய் தொலையாது என்று பலர் நம்புகிறார்கள். சிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. பெயரோ முகவரியோ அதில் கிடையாது. அந்த எண், நாய் பிறந்த நாட்டின் பதிவேட்டில் அங்குள்ள காப்பகத்தின் பெயரில் இருக்கலாம், எங்குமே பதிவாகாமலும் இருக்கலாம். தொலைந்த நாயை யாரோ ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வருடிக் கருவியால் படித்தாலும் உங்கள் தொலைபேசி மணி அடிக்காது. நாய் வந்திறங்குவதற்கு முன்பே உள்நாட்டுப் பதிவேட்டில் அமைப்பின் எண்ணையும் உங்கள் எண்ணையும் சேர்த்துப் பதிய வேண்டும். வந்த பிறகு மருத்துவரிடம் சிப்பைப் படிக்கச் செய்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும். ஒரே தொகுதியில் வரும் நாய்களின் காகிதங்கள் மாறிப்போவது உண்டு.

இனி வந்திறங்கும் நேரம். எங்கள் பார்வையில் நாயின் மொத்தப் பயணத்திலும் ஆபத்தானது கூண்டைத் திறக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். விமான நிலைய வாகன நிறுத்தத்தில், பாவம் எத்தனை மணிநேரம் அடைந்து கிடந்ததோ என்று கூண்டைத் திறக்கிறார்கள். நாய் குனிந்து, காதை மடக்கி, ஒரே உந்தலில் வெளியே பாய்கிறது. கையில் இருப்பது காலியான கழுத்துப்பட்டை. எந்தத் திசை வீடு, யார் நம்மவர் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வர அதற்கு ஓர் இடமே இல்லை. ஆகவே கூண்டைத் திறக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றி, திறக்காமல் அப்படியே வீட்டுக்குள் இறக்க வேண்டும். அசுத்தம் பண்ணியிருந்தாலும் பரவாயில்லை. வெளிக் கதவு, அறைக் கதவு, சன்னல் எல்லாம் மூடியிருப்பதைப் பார்த்த பிறகு, கூண்டுக் கதவைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டுகளை வெட்டுங்கள். சிறிய கட்டிங் பிளேயர் முன்பே கையில் இருக்கட்டும். கத்தியால் அறுக்கும்போது நாய் மிரண்டு கதவை முட்டும். கதவை ஒரு கையளவு மட்டும் திறந்து, சுருக்குக் கயிற்று வகை லீஷை விரித்து அதன் தலை வழியாக மெல்ல மாட்டுங்கள். பிறகு விலகி, பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். அது தானாக வெளியே வரச் சில நிமிடமும் ஆகலாம், ஓர் இரவும் ஆகலாம். கூண்டைச் சாய்த்துக் கொட்டுவதும், காலைப் பிடித்து இழுப்பதும், மேல் மூடியைக் கழற்றுவதும் வேண்டாம். அந்தக் கூண்டு ஒன்றுதான் அப்போதைக்கு அதற்குத் தெரிந்த இடம்.

வெளியே கொண்டுபோகும்போது இரண்டு லீஷ், இரண்டு பிடிமானம். ஒன்று ஹார்னஸில் (மார்பையும் உடலையும் சுற்றி மாட்டும் பட்டை), இன்னொன்று கழுத்துப்பட்டையில். ஒன்றைக் கையில் பிடித்து, மற்றொன்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். சாதாரண ஹார்னஸில் நாய் பின்னோக்கி இழுத்தால் முன்னங்கால்கள் வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். விலா எலும்புகளுக்குப் பின்னால், இடை ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது பட்டை உள்ள ஹார்னஸ் வேண்டும். அதை உருவுவது கடினம். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. கழுத்தைவிடத் தலை ஒடுங்கிய வேட்டை நாய் வகைகளுக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை பயனில்லை. இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் வகையே பொருந்தும். வரும்போது மெலிந்திருக்கும் நாய் சில வாரத்தில் எடை கூடும், ரோமம் மாறும். ஹார்னஸை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். நீட்டிச் சுருக்கும் கயிறு லீஷ் வேண்டவே வேண்டாம். கைநழுவி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று நாயைத் துரத்தும்; நாய் இன்னும் வேகமாக ஓடும்.

வேலி இருக்கிறதே என்று முற்றத்தில் அவிழ்த்துவிடுவது அடுத்த ஆபத்து. தெருவில் வளர்ந்த நாய் 1.5 மீட்டர் வேலியை எளிதாகத் தாண்டும். வேலியின் அடியில் தலை நுழையும் சந்து இருந்தால் உடம்பும் நுழைந்துவிடும். 1.8 மீட்டர் உயரமும், அடியில் இடைவெளி இல்லாததும் அடிப்படைத் தேவை. அப்படி இருந்தாலும் முதல் சில வாரம் லீஷோடுதான் முற்றத்துக்கும் போக வேண்டும். வீட்டுக்குள், நீங்கள் அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும், ஹார்னஸில் 2 மீட்டர் நீள மெல்லிய கயிறு ஒன்று தரையில் இழுபடட்டும். நுனியில் கைப்பிடி வளையம் இருக்கக் கூடாது, மேசைக் காலில் மாட்டிக்கொள்ளும். நாய் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாலோ கதவை நோக்கி ஓடினாலோ அதன் உடம்பைத் தொடாமல் கயிற்றை மிதித்து நிறுத்தலாம். வாசலுக்கு உட்புறம் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு ஒன்றை வைத்துவிட்டால் இரட்டைக் கதவு ஆகிவிடும். ஒன்று மூடியிருந்தால்தான் மற்றது திறக்கலாம் என்ற விதியை வீட்டில் எல்லாருக்கும், வந்துபோகிறவர்களுக்கும் சேர்த்து, கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

அப்படியும் ஓடிவிட்டால்? பெயர் சொல்லிக் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், ஊரைக் கூட்டித் தேடாதீர்கள். வந்து சில நாளே ஆன நாய்க்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. கூப்பிட்டுக்கொண்டு வரும் ஒவ்வொரு மனிதரும் அதற்குத் துரத்துகிறவர்தான். தப்பிய இடத்திலேயே அது படுத்திருந்த துணியையும், அதன் கூண்டையும், வாசனை தூக்கலான உணவையும் வைக்க வேண்டும். பயந்த நாய் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு இருட்டில்தான் நகரும். சுவரொட்டியில் "பார்த்தால் பிடிக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், இந்த எண்ணுக்கு இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை தென்பட்டால் அங்கே உணவு வைத்து, அசைவைப் பதியும் கேமரா ஒன்றைப் பொருத்தி, அது தவறாமல் வருகிறதென்று தெரிந்த பிறகு பொறிக்கூண்டு வைக்கலாம். அவசரப்பட்டு வலை வீசினால் அந்த இடத்தையும் விட்டுப் போய்விடும். ஹார்னஸில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். அமைப்புகள் நாயோடு கட்டாயமாகக் கொடுத்தனுப்ப வேண்டிய பொருள் அது.

உணவு விஷயத்தில் இரக்கமே கெடுதல் செய்யும். நீண்ட பயணம் முடிந்து வந்ததும் முதலில் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் வாந்தி எடுக்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமாக வழுக்கினால் சரி; ஒட்டினால், தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டதும் படியாமல் நின்றால், நீரிழப்பு. ஓரிரு மணிநேரம் கழித்து வழக்கமான அளவில் கால் பங்கு உணவு போதும். முன்பு என்ன தின்றது என்று கேட்டு, முதல் சில நாள் அதையே கொடுத்து, பிறகு 7 முதல் 10 நாளில் புதிய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டுங்கள். எலும்பும் தோலுமாக வந்த நாயென்றால் மருத்துவர் சொல்லும் அளவை நாளுக்கு 4 முதல் 6 வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பதும், புது இடத்தில் வெகுநேரம் சிறுநீரை அடக்கி வைப்பதும் உண்டு. ஆனால் 24 மணிநேரம் தாண்டியும் சிறுநீர் கழிக்கவில்லை, ரத்தம் கலந்த பேதி, விடாத வாந்தி, வெளிறிய ஈறு, தேநீர் நிறத்தில் சிறுநீர் - இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

முதல் 14 நாள் தனி அறை. வீட்டில் வேறு நாய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்கள், நாய்க் காய்ச்சல், காப்பக இருமல் எதுவும் வந்திறங்கும் அன்று வெளியே தெரியாது. பயணத்துக்குச் சில நாள் முன்பு போட்ட தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே தொற்று உள்ளே நுழைந்திருக்கும். டிஸ்டெம்பருக்கு இரண்டு வாரமும் போதாமல் போவதுண்டு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தால் நாள் கணக்கைப் பார்க்காமல் பிரித்தே வையுங்கள். தனிப் பாத்திரம், தனித் துடைப்பம், அந்த அறைக்கு மட்டும் ஒரு சோடிச் செருப்பு. வீட்டு நாயைக் கவனித்த பிறகே புது நாயிடம் போக வேண்டும், அங்கிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசையாது. முதலில் அழுக்கைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஏறத்தாழ 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வீரியம் இழந்துவிடும்.

உண்ணி பார்ப்பது முதல் நாள் வேலை. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், கால்விரல் இடுக்குகளில், வாலுக்கு அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். நாய் தொட விடவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், மருத்துவர் மாத்திரை கொடுப்பார். பழுப்பு நாய் உண்ணிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: முட்டை முதல் வளர்ந்த உண்ணிவரை தன் முழு வாழ்க்கையையும் வீட்டுக்குள்ளேயே நடத்தும். ஒரே ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் விரிசலிலும் திரைச்சீலை மடிப்பிலும் அவை ஏறிய பிறகு ஒழிப்பது மாதக்கணக்கான வேலை.

பரிசோதனைகளில்தான் அதிகக் குழப்பம். "புறப்படும் முன் எல்லாம் பரிசோதித்தாயிற்று, எல்லாம் நெகட்டிவ்" என்று அமைப்பு சொல்லும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. பரிசோதனையின் எல்லை அது. இதயப்புழுவுக்கான ரத்தப் பரிசோதனை, வளர்ந்த பெண் புழு வெளியிடும் பொருளைத்தான் கண்டுபிடிக்கிறது. கொசு கடித்து 6 மாதமாவது ஆன பிறகே அது தெரியும். பயணத்துக்கு முந்தைய மாதம் கடித்த கொசுவின் கணக்கு, வந்து அரை ஆண்டு கழித்துத்தான் வெளிவரும். ஆகவே வந்ததும் ஒருமுறை, 6 மாதம் கழித்து இன்னொரு முறை. பரிசோதிக்காமல் இதயப்புழுத் தடுப்பு மருந்தை நீங்களாகக் கொடுக்கவும் கூடாது; ரத்தத்தில் இளம்புழுக்கள் நிறைந்திருந்தால் அவை ஒரே நேரத்தில் செத்து, நாய்க்கு அதிர்ச்சி ஏற்படலாம். மணல் ஈக்கள் பரப்பும் லீஷ்மேனியா இன்னும் பொறுமைக்காரன். மாதங்கள், சிலசமயம் ஆண்டுகள்கூட அடங்கிக் கிடந்துவிட்டு, கண்ணைச் சுற்றி முடி உதிர்தல், நகம் நீண்டு வளைதல், மூக்கில் ரத்தம் என்று தலைகாட்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா, பபீசியா ஆகியவற்றுக்கும் வந்த நாட்டைப் பொறுத்துப் பரிசோதனை உண்டு. நாய் எந்த நாட்டிலிருந்து, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த நோய்களே இல்லாத ஊரில் பணியாற்றும் மருத்துவருக்குக் காய்ச்சலும் சோர்வும் வேறு எதையோ நினைவூட்டும்.

இரண்டு நோய்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதலாவது புரூசெல்லா கேனிஸ். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. குட்டி போடும்போதும் கருச்சிதைவின்போதும் வெளியேறும் நீரில் கிருமி மிகுதியாக இருக்கும். மருந்தால் முழுமையாக ஒழிப்பது கடினம். தொற்றிய புதிதில் பரிசோதனை தவறாக நெகட்டிவ் காட்டலாம் என்பதால் ஏறத்தாழ 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. சினை நாயையும் பரிசோதிக்காத நாயையும் கர்ப்பிணிகளோ, சிறு குழந்தைகளோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ இருக்கும் வீட்டுக்கு எந்த அமைப்பும் அனுப்பக் கூடாது. இரண்டாவது, இணைசேரும்போது பரவும் கட்டி. பிறப்புறுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வருவதைப் பருவம் என்றோ சிறுநீர்த் தொற்று என்றோ நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கருத்தடை செய்த பெண் நாய்க்கோ ஆண் நாய்க்கோ இப்படி ரத்தம் வந்தால் இதை நினைத்துப் பாருங்கள். வின்கிறிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். ஊசி போட்ட நாள்களில் கழிவுகளைக் கையுறையோடு அள்ள வேண்டும்.

கடிபட்டால், கீறலாக இருந்தாலும், 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அங்கேயும் சொல்ல வேண்டும். நாயைக் கொன்றுவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. ரேபிஸ் விஷயத்தில் மறைப்பதற்கு இடமே இல்லை.

நடத்தையைப் பற்றி அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, வந்த புதிதில் நாய் காட்டும் அமைதி. மூலையில் அசையாமல் கிடக்கும், தொட்டால் தொடவிடும், தூக்கினால் மரக்கட்டையாக இருக்கும். "எவ்வளவு சாது!" என்று படம் எடுத்துப் போட்டு, தத்து விளம்பரத்தில் "குழந்தைகளோடு அருமையாகப் பழகும்" என்றும் எழுதிவிடுகிறார்கள். அது சாது அல்ல, பயத்தில் உறைந்திருக்கிறது. உதட்டை நக்குதல், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், வயிற்றோடு ஒட்டிய வால் ஆகியவற்றைக் கவனியுங்கள். சில வாரத்தில் உறைநிலை விலகும்போதுதான் உண்மையான நாய் வெளியே வரும். தட்டைக் காக்க உறுமுவதும் அப்போதுதான் தெரியும். உறுமலை அதட்டி அடக்காதீர்கள். உறுமக் கூடாது என்று கற்ற நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். மீட்பு வட்டாரத்தில் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி குறைய, வழக்கம் பிடிபட, வீடு தன்னுடையதென்று உணர. அது தோராயம்தான், தெருவிலேயே பிறந்து மனிதக் கை படாமல் வளர்ந்த நாய்க்கு ஓர் ஆண்டும் ஆகலாம். முதல் வாரத்தில் குளியல் வேண்டாம், விருந்தினர் வேண்டாம், கடைத்தெரு வேண்டாம். நேராகப் போய்த் தலையில் தட்டுவதற்குப் பதில் பக்கவாட்டில் உட்கார்ந்து, உணவுத் துண்டைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு வேறெங்கோ பாருங்கள். படிக்கட்டு, வழுக்கும் தரை, கண்ணாடிக் கதவு, பாத்திரம் கழுவும் சத்தம் எல்லாமே அதற்குப் புதிது. வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பால் ஒரு பாதை போட்டுக் கொடுத்தாலே, அறையைவிட்டு வர மறுத்த நாய் நடந்து வரும்.

வீட்டு நாயோடு அறிமுகம் தனிமைக் காலம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வெளியே. இரண்டு பேர், இரண்டு நாய், நடுவே ஒரு தெரு அகலம். ஒரே திசையில் நடந்து, நாள் போகப் போக இடைவெளியைக் குறைக்கலாம். உள்ளே வந்த பிறகும் சாப்பாடு தனித்தனி, பொம்மையும் எலும்பும் தரையில் கிடக்கக் கூடாது.

தத்து கொடுக்கும் கட்டத்தில் உங்கள் நாட்குறிப்புதான் மிகப் பெரிய சொத்து. எதற்குப் பயந்தது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது, எத்தனை மணிநேரம் தனியாக இருந்தது, தொப்பி போட்ட ஆணைக் கண்டு பின்வாங்கியதா, பூனையைப் பார்த்து எப்படி நின்றது. தேதியோடு எழுதுங்கள், அரை நிமிடக் காணொளியும் எடுத்து வையுங்கள். நல்ல குணங்களோடு குறைகளையும் விளம்பரத்தில் எழுதினால் விசாரிப்பவர்கள் குறைவார்கள். வருகிறவர்கள் சரியானவர்களாக இருப்பார்கள். குறைந்தது இரண்டு சந்திப்பு, அதில் ஒன்று அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே, வேலியையும் கதவையும் பார்த்துக்கொண்டு. உங்களுக்கே நாயைவிட்டுப் பிரிய மனமில்லை என்றால், அடுத்த நாய்க்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்று யோசித்து அமைப்பிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டிய பிறகு மனம் மாறுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

ஒப்படைக்கும் அன்று துவைக்காத விரிப்பு, ஒரு வாரத்துக்கான அதே உணவு, அதன் உடலுக்குச் சரிசெய்து வைத்த ஹார்னஸ், இரண்டு லீஷ், அது புரிந்துகொள்ளும் சொற்களின் பட்டியல் எல்லாம் கூடவே போக வேண்டும். உங்கள் வீட்டில் வாலாட்டிய நாய் அந்த வீட்டில் மறுபடி முதல் நாள் நாய்தான். இரண்டாவது முறை தப்பி ஓடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இரட்டை லீஷும் இரட்டைக் கதவும் அவர்களுக்கும் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, சிப் பதிவை அன்றே அவர்கள் பெயரும் எண்ணும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். இதயப்புழுவுக்கும் லீஷ்மேனியாவுக்கும் மறுபரிசோதனை எந்தத் தேதியில் என்பதை மருத்துவ அட்டையில் குறித்துக் கொடுங்கள். அந்தப் பரிசோதனைக்கான செலவைத் தத்துக்குப் பிறகும் மீட்பு அமைப்பே ஏற்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நாயைக் கடல் கடந்து கொண்டுவர முடிவெடுத்தவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
மீட்பு நாய்களின் ஃபாஸ்டர் பராமரிப்பாளர்கள் சிலர்